நோவில்லாத நாரிக்கு வைத்தியம் வேண்டுமா?

திருகோணமலை மாவட்டத்திலே, கிண்ணியாவை அடுத்துக் களப்போரமாக அமைந்துள்ள ஊர் குறிஞ்சாக்கேணி. நீரும் வயலும் அண்டிய அத்தகைய ஊர்களில் வாழும் மக்களுக்கு முதுகுதான் மூலதனம். வலை இழுப்பவருக்கும், தோணி தள்ளுபவருக்கும், நெல் மூடை சுமப்பவருக்கும், குனிந்து களை பிடுங்கும் பெண்ணுக்கும் அன்றாடச் சோற்றைத் தேடித் தருவது அதுவே. முதுகு சாய்ந்தால் அடுப்பும் சாயும் என்பது அவர்கள் அனுபவத்தால் அறிந்த உண்மை.

அவ்வூரிலே வலையிழுத்துப் பிழைக்கும் ஒருவரை மனத்திலே கற்பனை செய்து கொள்வோம். வயது நாற்பத்தைந்து. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு நாட்காலை அவருக்கு நாரி பிடித்துக்கொண்டது. மூன்று நாள் பாயை விட்டு எழ இயலவில்லை. முறிவு நெரிவு வைத்தியர் ஒருவர் எண்ணெய் இட்டு உருவி, அழுத்தி, இழுத்து விட்டார். இரண்டு கிழமைக்குள் அவர் மீண்டும் கடலுக்குப் போனார். இன்று அவருக்கு நோவு ஏதும் இல்லை. எனினும், "மாதம் ஒருமுறை போய் உருவிக்கொண்டு வந்தால் இனி அந்த நோவு தலைகாட்டாது" என்று அயலவர் சொல்லுகின்றனர். போவதானால் ஒரு நாள் தொழில் கெடும். போக்குவரத்துச் செலவு உண்டு. வைத்தியர் கையில் ஏதேனும் வைக்கவேண்டும். ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு நாள் உழைப்பு இதிலே செலவாகும். இச்செலவு தகுமா, தகாதா? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் வினா.

எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் சுளுக்கையும் கையினாலே தீர்க்கும் மரபு நம் நாட்டில் மிகப் பழையது. தமிழ் பேசும் மக்கள் இதனை முறிவு நெரிவு வைத்தியம் என்பர்; சிங்கள மக்கள் கெடும் பிந்தும் என்பர். சித்த மருத்துவத்திலே தொக்கணம் என்னும் பிரிவு உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலிய ஒன்பது செய்முறைகள் அதிலே கூறப்படுகின்றன. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம், சுதேச வைத்தியர்களைப் பதிவு செய்வதற்கு வழி வகுத்தது. திருகோணமலையிலேயே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது.

மேல்நாட்டிலும் இதனை ஒத்த முறைகள் தோன்றியுள்ளன. அவற்றுள் ஒன்று ஒஸ்டியோபதி என்பது. அமெரிக்க வைத்தியரான அன்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1874இல் இக்கொள்கையை வெளியிட்டார். 1892இல் மிசூரி மாநிலத்துக் கேர்க்ஸ்வில் என்னும் ஊரிலே அதற்கென ஒரு கல்லூரியை நிறுவினார். பிரித்தானியாவில் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்றவர் மாத்திரமே அப்பெயரைச் சூடித் தொழில் செய்யலாம். அங்கும், நோவு இல்லாதபோதே மாதந்தோறும் போய் முதுகைச் சரிபார்த்துக்கொள்வோர் பலர் உளர். ஆகவே நம் மீனவரின் வினா அவருக்கு மாத்திரம் உரிய வினாவன்று. நாடும் பெயரும் வேறாயினும் ஐயம் ஒன்றே.

விடை காணுமுன், உருவும்போதும் அழுத்தும்போதும் உடலில் நிகழ்வது யாது என்று அறிதல் வேண்டும். "எலும்பு விலகியிருந்தது, வைத்தியர் தட்டி இருத்திவிட்டார்" என்று சொல்வது நம் வழக்கம். முள்ளந்தண்டின் எலும்புகள் தடித்த இழைகளாலும் தசைகளாலும் இறுகப் பிணைக்கப்பட்டவை. பெரும் விபத்துகளையும் சில நோய்களையும் விடுத்தால், அவை இடம் பெயர்வதில்லை. ஆதலால் அவற்றை மாதந்தோறும் இருத்த வேண்டிய தேவையும் இல்லை. அப்படியானால் "மடக்" என்று கேட்கும் ஓசை எங்கிருந்து வருகின்றது? 2015இல் கனடாவில் விரல் மூட்டுகளைக் காந்தப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள், மூட்டு இழுபடும்போது அதனுள் உள்ள நீரிலே ஒரு வாயுவெளி தோன்றுவதையும், அக்கணமே ஓசை எழுவதையும் கண்டனர். ஆகவே அவ்வோசை எலும்பு இடத்திற்குத் திரும்பியதற்குச் சாட்சியன்று. கையின் சூடும் அழுத்தமும் இறுகிய தசையை இளகச் செய்கின்றன, நோவுணர்ச்சி சிறிது காலம் தணிகின்றது, அச்சம் நீங்குகின்றது. இவை சிறு நன்மைகள் அல்ல. ஆயினும் இவை நெடுங்காலம் நிலைப்பவையும் அல்ல.

மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திடீரெனப் பிடிக்கும் நாரி நோவு, பெரும்பாலும் சில கிழமைகளுக்குள் தானாகவே தணியும் இயல்புடையது. நாமோ நோவு உச்சத்தில் நிற்கும் நாளிலேதான் வைத்தியரை நாடுகின்றோம். உச்சத்தை அடைந்தது அதன்பின் இறங்கத்தானே வேண்டும்? அவ்வாறு இறங்கும்போது, அதற்கு முதல்நாள் நாம் செய்துகொண்ட வைத்தியத்திற்கே முழுப் புகழையும் கொடுத்துவிடுகின்றோம். இதனாலேதான் ஒருவருடைய அனுபவத்தை மாத்திரம் கொண்டு தீர்ப்புக் கூறுதல் இயலாது. இரு குழுவினரை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு ஒப்பிட்ட ஆராய்ச்சிகள் சில உள்ளன. பிரான்சு நாட்டில் நாரி நோவுள்ள 400 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உண்மையான ஒஸ்டியோபதிச் சிகிச்சையையும், மறு பிரிவினருக்கு மெல்லத் தொடுவதாகிய போலிச் சிகிச்சையையும் இரண்டு கிழமைக்கு ஒருமுறையாக ஆறு தடவை அளித்தனர். அதன் முடிவு 2021இல் வெளியாயிற்று. மூன்று மாதத்தின் பின் அன்றாட அலுவல்களைச் செய்யும் திறனில் இருசாராருக்கும் இடையே இருந்த வேறுபாடு, நூறு புள்ளி அளவுகோலில் மூன்று புள்ளி அளவினதே. நோயாளி தம் வாழ்வில் உணரத்தக்க வேறுபாடன்று அது என்பது ஆராய்ந்தவர்களின் கருத்து.

எனினும் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. சுவீடன் நாட்டில், ஒஸ்டியோபதிக்கு உறவான கைரோபிராக்டிக் முறையில் சிகிச்சை பெற்ற 328 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2018இல் வெளிவந்தது. ஒரு சாரார் நோவு வந்தபோது மாத்திரம் வைத்தியரிடம் சென்றனர். மறு சாரார் நோவு இருப்பினும் இல்லாவிடினும் குறித்த தவணையில் சென்றனர். தவணையில் சென்றோருக்கு ஆண்டொன்றில் தொல்லை தந்த நோவு நாட்கள் ஏறத்தாழ 13 குறைந்தன. அதற்காக அவர்கள் சராசரியாக இரண்டு தடவை வரையே கூடுதலாகச் சென்றனர். கூலிக்கு உழைப்பவருக்கு 13 நாள் என்பது அற்பமன்று. ஆனால் அந்த 328 பேரும் யாவர்? நோவு திரும்பத் திரும்ப வந்து வாட்டியவர்கள். முதற் சில சிகிச்சைகளிலேயே நல்ல குணம் கண்டவர்கள். முதுகு நோவே அறியாத ஒருவர்கூட அவர்களுள் இல்லை. ஆகவே நோவில்லாதவர் தம் மாதாந்தச் செலவுக்கு இந்த ஆராய்ச்சியைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

அப்படியாயின் நோவு வராமல் தடுப்பதற்கு வழியே இல்லையா? உண்டு. உலகின் பல பாகங்களில் நடந்த 21 பரிசோதனைகளை ஒன்று திரட்டி 2016இல் ஆராய்ந்தனர். அவற்றில் பங்குகொண்டோர் 30,000 பேருக்கு மேற்பட்டோர். இடுப்புப் பட்டியும் காலணிக்குள் வைக்கும் மெத்தையும் நோவைத் தடுக்கவில்லை. அறிவுரை மாத்திரம் கூறியதும் போதவில்லை. உடற்பயிற்சியும் அறிவுரையும் சேர்ந்தபோது, ஓராண்டுக்குள் நோவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. அவுஸ்திரேலியாவில் அண்மையில் நாரி நோவிலிருந்து விடுபட்ட 701 பேரைக் கொண்டு நடந்த மற்றோர் ஆராய்ச்சி 2024இல் வெளிவந்தது. நடைப்பயிற்சியை ஒழுங்காகக் கற்று, சிறுகச் சிறுகக் கூட்டி, நாளொன்றுக்கு அரைமணி நேரமாகக் கிழமையில் ஐந்து நாள் நடக்க முயன்றோருக்கு, நோவு மீளும் வரை நடுத்தரமாக 208 நாள் கழிந்தது. அவ்வாறு செய்யாதோருக்கு 112 நாளிலேயே மீண்டது. கிண்ணியாப் பக்கத்து வீதியிலே நடப்பதற்கு எவரும் கட்டணம் கேட்பதில்லை.

"நாள் முழுவதும் வலையிழுப்பவனுக்கு நடையும் வேண்டுமோ?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தொழிலின் பளு நாம் விரும்பித் தெரிந்தெடுப்பதன்று. உடல் களைத்த போதும் வலையை இழுத்தே ஆகவேண்டும். பயிற்சியின் பளுவோ நம் வசமானது; உடல்நிலை கண்டு கூட்டலாம், குறைக்கலாம். ஒரே பக்கமாக இழுத்து இறுகிய உடலுக்குச் சீரான நடை ஒரு மாற்றாகவும் அமையும். இதனோடு, மூடையை உடலோடு அணைத்துத் தூக்குதல், பெரும் பாரத்தை இருவர் பகிர்தல், நோவு வந்தாலும் நாட்கணக்கில் படுத்துவிடாமல் இயன்றவரை நடமாடுதல் ஆகியனவும் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். நாரி நோவுடன் சிறுநீர், மலம் அடக்க முடியாமை, தொடைகளின் இடையே மரத்துப்போதல், கால் வலுவிழத்தல், காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், எந்த உருவலும் வேண்டாம். தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பதை மறத்தல் ஆகாது. எலும்பு தேய்ந்த முதியோரின் முதுகை வலிந்து அழுத்துதல் முறிவில் முடியலாம். கழுத்தைச் சடுதியாகத் திருப்புதலால் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்த சம்பவங்கள் அரியனவாயினும் உள்ளன. முறிந்த கையை இறுகக் கட்டியதால் இரத்தவோட்டம் தடைப்பட்டு, கையையே இழந்தவர்களும் உண்டு. முறிவு என்று ஐயம் எழுந்தால், முதலில் எக்ஸ்றேப் படம் எடுத்தலே அறிவுடைமை.

இனி, நம் மீனவர் எவ்வாறு தீர்மானிப்பது? மூன்று வினாக்களை அவர் தம்மிடமே கேட்டுக்கொள்ளலாம். நோவு எனக்குத் திரும்பத் திரும்ப வருகின்றதா? கைவைத்தியத்தால் முன்னர் தெளிவான குணம் கண்டேனா? அச்செலவு வீட்டின் மற்றத் தேவைகளை நெருக்காதா? மூன்றிற்கும் ஆம் என்பது விடையானால், சில மாதம் தவணையிற் சென்று பார்ப்பதில் தவறில்லை. ஆயினும் சுவரில் தொங்கும் நாட்காட்டியிலே, நோவு தொழிலைக் கெடுத்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி இட்டு வரட்டும். தவணையிற் செல்லாத ஆறு மாதத்தையும் சென்ற ஆறு மாதத்தையும் பின்னர் எண்ணி ஒப்பிடட்டும். புள்ளிகள் குறையவில்லையானால், அந்தக் காசு வீட்டிலேயே இருக்கட்டும்.

நம் மீனவருக்கு இரண்டாண்டுகளில் நோவு ஒருமுறைதான் வந்தது. முதல் வினாவிலேயே அவருக்கு விடை கிடைத்துவிடுகின்றது. அவர் மாதந்தோறும் போகத் தேவையில்லை. இதனால் வைத்தியருக்கு யாதொரு குறையும் இல்லை. நோவு வந்த நாளில் கைகொடுத்த அவரை மதிப்போம். மீண்டும் நோவு வந்தால் அவரையே நாடலாம். நல்ல வைத்தியர் தாமும், "சுகமாயிருக்கிறீர், போய்த் தொழிலைப் பாரும்" என்றே சொல்வார். அன்று மிஞ்சும் அரைமணி நேரத்தை மீனவர் நடையிலே செலவிடட்டும்; மிஞ்சும் காசு பிள்ளைகளின் புத்தகத்துக்கு உதவும்.