கைமருந்தும் குடலின் அசைவும்

ஓமம், இஞ்சி, வெந்தயம், நிலாவாரை, ஆமணக்கெண்ணெய். எங்கள் வீட்டு அலுமாரிகளில் இவற்றுள் இரண்டு மூன்றாவது இருக்கும். வயிறு சரியில்லை என்று யாராவது சொன்னால் போதும், ஏதாவது ஒன்று கோப்பையில் வந்துவிடும். ஏன் இது என்று கேட்டால், "வயிற்றுக்கு நல்லது" என்பதே பதில்.

ஆனால் இவை எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. சில குடலின் தசையை முடுக்குகின்றன. சில அதே தசையைத் தளர்த்துகின்றன. இன்னும் சில தசையைத் தொடாமலே அதற்கு வேலை கொடுக்கின்றன. எது எந்த வகை என்று அறிந்து கொடுத்தால் மருந்து. அறியாமல் கொடுத்தால் சில வேளை அதுவே ஆபத்து.

குடல் எவ்வாறு அசைகிறது?

எங்கள் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீற்றர் நீளமானது. பெருங்குடல் சுமார் 1.5 மீற்றர். இரண்டின் சுவரிலும் மழமழப்பான தசை இரு படைகளாக அமைந்துள்ளது. உட்படை குடலைச் சுற்றி வளையம்போல ஓடுகிறது. வெளிப்படை நீளவாட்டில் ஓடுகிறது. உணவுக்குப் பின்னால் உள்ள தசை சுருங்க, முன்னால் உள்ள தசை தளர, உணவு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. இதையே சுற்றுச்சுருக்கு அசைவு என்று விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிறோம்.

இந்த அசைவை நடத்துவதற்குக் குடல் மூளையின் கட்டளைக்காகக் காத்திருப்பதில்லை. குடற்சுவருக்குள்ளேயே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்புக் கலங்கள் உள்ளன. வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பின்னரும் குடல் தானே அசைகிறது என்பதை பெய்லிஸ், ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானிகள் 1899ஆம் ஆண்டில் விளக்கினார்கள்.

தசை சுருங்குவதற்குக் கல்சியம் அயன்கள் தசைக் கலத்தினுள் நுழைய வேண்டும். தசையும் நரம்பும் ஒழுங்காக இயங்குவதற்குப் பொட்டாசியமும் வேண்டும். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் மூலிகைகளின் வேலையை எளிதாக விளங்கிக்கொள்ளலாம்.

முடுக்கும் மருந்துகள்

நிலாவாரையை யூனானி வைத்தியர்கள் ஸனா மக்கி என்பார்கள். மக்காவின் ஸனா என்பது பொருள். தென்னிந்தியாவில் பயிராகும் நிலாவாரை, உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்கள் பேதிக்குப் பாவித்த மருந்து பற்றிய ஓர் அறிவிப்பு திர்மிதியில் இடம்பெற்றுள்ளது. அவர்கள் முதலில் பாவித்தது ஷுப்ரும் என்னும் கடுமையான மூலிகை. அது மிகவும் சூடானது என்று நபி (ஸல்) அவர்கள் கூற, பின்னர் ஸனாவைப் பாவித்ததாக அந்த அறிவிப்புச் சொல்கிறது. பேதி மருந்துகளிலும் கடுமையானது, மென்மையானது என்ற வேறுபாடு உண்டு என்பது அன்றே கவனிக்கப்பட்ட விடயம்.

நிலாவாரையில் உள்ள சென்னோசைட்டு என்னும் பொருள் சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. அது பெருங்குடலைச் சென்றடைந்ததும் அங்குள்ள பற்றீரியாக்கள் அதை வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அந்தப் பொருள்தான் பெருங்குடலின் அசைவை முடுக்குகிறது. நீர் மீண்டும் உடலுக்குள் உறிஞ்சப்படுவதையும் குறைக்கிறது. இதற்கு 6 முதல் 12 மணித்தியாலம் வரை செல்லும். இரவில் குடித்தால் காலையில் வேலை செய்வதன் காரணம் இதுவே.

பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பேதி கொடுப்பது முன்னைய தலைமுறையின் வழக்கம். அதற்குப் பெரும்பாலும் கைகொடுத்தது ஆமணக்கெண்ணெய். சிறுகுடலில் இந்த எண்ணெய் உடைந்து ரிசினோலெயிக் அமிலம் வெளிவருகிறது. இவ்வமிலம் மழமழப்பான தசையில் உள்ள ஒரு வாங்கியைத் தூண்டிச் சுருங்கச் செய்கிறது என்று ஜேர்மனிய ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். அதே வாங்கி கருப்பையின் தசையிலும் உண்டு. கர்ப்பிணித் தாய்மார் ஆமணக்கெண்ணெயைத் தாமாகக் குடிக்கக்கூடாது என்பதன் காரணம் இப்போது விளங்கும்.

இஞ்சியும் முடுக்கும் பக்கத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் அது பேதி மருந்தன்று. இரைப்பையிலிருந்து உணவு விரைவாக இறங்க உதவுகிறது, குமட்டலையும் தணிக்கிறது.

தளர்த்தும் மருந்துகள்

வாயு அடைத்து வயிறு முறுக்கும்போது குடலின் தசை இறுகிப் பிடித்திருக்கிறது. அதை மேலும் முடுக்கினால் வலி கூடும். தளர்த்துவதே பொருத்தம்.

பெப்பமின்ட் எண்ணெயில் உள்ள மெந்தோல், கல்சியம் தசைக் கலத்தினுள் நுழையும் வாயிலை மறிக்கிறது. கல்சியம் நுழையாவிட்டால் தசை சுருங்காது; பிடிப்பு விடுகிறது. ஓமத்தில் உள்ள தைமோலும் இவ்வாறே தசையைத் தளர்த்துவது ஆய்வுகூடப் பரிசோதனைகளில் தெரிந்துள்ளது. ஓமத்தண்ணீர் வயிற்று முறுக்குக்குக் கொடுக்கப்படுவது வெறும் நம்பிக்கை அல்ல.

ஆனால் பெப்பமின்ட், களத்தின் அடியில் உள்ள தசை வளையத்தையும் தளர்த்திவிடும். அப்போது இரைப்பை அமிலம் மேலேறும். நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல.

தொடாமல் வேலை வாங்கும் மருந்துகள்

நோன்பு திறக்கும்போது குடிக்கும் சர்பத்தில் கசகசா ஊறிப் பருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விதையைச் சுற்றி ஒரு வழுவழுப்பான படை உருவாகும். இஸபகோல் உமியும் இப்படித்தான் நீரை உறிஞ்சி ஊதுகிறது. வெந்தயத்திலும் இத்தகைய பசை உண்டு. ஊதிய பொருள் குடற்சுவரை மெதுவாக விரிக்க, அந்த விரிவை உணர்ந்து தசை தானாகவே அசைகிறது. மலமும் இளகுகிறது.

றமழான் மாதத்தில் பலருக்கு மலச்சிக்கல் வருவது நீரும் நார்ச்சத்தும் குறைவதாலேயே. நோன்பு திறந்ததிலிருந்து ஸஹர் வரை போதிய நீர் குடிப்பதும், பழமும் கீரையும் உண்பதும், தேவையானால் இஸபகோல் எடுப்பதும் அந்தக் காரணத்தைத் தீர்க்கும். நிலாவாரை உடலிலிருந்து இன்னும் நீரை வெளியேற்றும். இஸபகோலிலும் ஒரு கவனம் வேண்டும். போதிய நீரின்றி விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்.

எங்கே ஆபத்து?

முதலாவது, காரணம் தெரியாத வயிற்றுவலி. குடல்வளரி அழற்சி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றிய வலியாகவே தொடங்கும். பின்னர் வலக் கீழ்ப்பக்கத்துக்கு நகரும். இதை மலச்சிக்கல் என்று எண்ணிப் பேதி கொடுத்தால், வீங்கிய குடல்வளரி வெடிக்கும் அபாயம் கூடுகிறது. வலியுடன் காய்ச்சல், வாந்தி, தொட்டால் நோவு என்பவை இருந்தால் கைமருந்தைத் தேடாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, மெலிவதற்கென்று விற்கப்படும் தேநீர்கள். மாணவிகளாகிய நாங்கள் கட்டாயம் அறிய வேண்டியது இது. இவற்றுள் பலவற்றில் இருப்பது நிலாவாரை இலைதான். நாம் உண்ணும் உணவின் சக்தி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நிலாவாரை வேலை செய்வதோ அதற்கு அப்பால், பெருங்குடலில். ஆகவே தராசு காட்டும் குறைவு நீரின் குறைவே, கொழுப்பின் குறைவன்று. நீர் குடித்தால் பழைய நிறை திரும்பிவிடும்.

இழப்பு நீரோடு நிற்பதில்லை. தொடர்ந்து பேதியானால் பொட்டாசியமும் வெளியேறுகிறது. பொட்டாசியம் குறைந்தால் கைகால் சோர்கிறது, இதயத்துடிப்பு ஒழுங்கு தவறலாம், குடலின் தசையும் தளர்கிறது. அசைய வைப்பதற்காகக் குடித்ததே அசைவைக் குறைத்துவிடுகிறது. அதைவிட, குடல் முழுதும் வெளியேறிய பின்னர் மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று நாட்கள் செல்லும். இந்த இடைவெளியை மலச்சிக்கல் என்று தவறாக எண்ணி மறுபடியும் குடிப்பவர்கள் அந்தச் சுழலில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். நிலாவாரையை வைத்திய ஆலோசனையின்றி ஓரிரு கிழமைகளுக்கு மேல் பாவிக்கக்கூடாது. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தாமாகக் கொடுக்கவும் கூடாது.

மூன்றாவது, "இது மூலிகைதானே" என்ற எண்ணம். ஊமத்தையும் மூலிகைதான். அதில் உள்ள ஹையோசினிலிருந்து வயிற்றுப் பிடிப்புக்கான மருந்து தயாராகிறது. அதே ஊமத்தை விதை உயிரையும் பறிக்கும். அளவும் தேவையும்தான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கின்றன.

எனவே அடுத்த முறை அலுமாரியைத் திறக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்போம். வலியின் காரணம் தெரியுமா? குடலுக்கு இப்போது வேண்டியது முடுக்கமா, தளர்வா, நீரும் நாருமா? குடிக்கப் போவது குழந்தையா, கர்ப்பிணியா, வேறு மருந்து எடுப்பவரா? பதில் தெளிவாக இல்லாவிட்டால், பதிவுபெற்ற யூனானி, ஆயுள்வேத, சித்த வைத்தியரிடமோ வைத்தியசாலையிலோ கேட்டுச் செய்வோம். மூத்தம்மாமார் தந்த மருந்தறிவைக் காப்பதற்கும் அதுவே வழி.