பாம்பும் படுத்த எட்டும்

1986, ஆடி மாதம். குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தது. தென்காசித் தெருக்களில் சாரல் நாள் முழுக்கத் தூவிக்கொண்டிருந்தது. மாடி அறையில் இருந்த ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், எம்.பில். ஆய்வேட்டின் கையெழுத்துப் படியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்நாளில் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்கெல்லாம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம்தான். திருநெல்வேலிக்கென்று மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வர இன்னும் 4 ஆண்டு இருந்தது. ஆய்வேட்டை 4 பிரதி கொடுக்க வேண்டும்; ஒன்று மூலம், மூன்று கார்பன்.

தட்டச்சு செய்தவர் கணிதம் படித்தவர் அல்ல. "தம்பி, இந்தப் பாம்பு எத்தனை வரி உசரம் வரும்?" என்று கேட்பார். பாம்பு என்றால் தொகையீட்டுக் குறி. சிக்மா அவருக்குச் 'சரிஞ்ச எம்'. முடிவிலி 'படுத்த எட்டு'. தீட்டா 'வயித்துல கோடு போட்ட முட்டை'. ஒன்றுக்கும் பொருள் தெரியாது. ஒவ்வொன்றின் உருவமும் அத்துபடி.

அவருடைய இயந்திரத்தில் சுமார் 45 விசைகள். ஷிஃப்டையும் சேர்த்தால் 90 குறிகள். கிரேக்க எழுத்து ஒன்றுகூட இல்லை. எக்ஸ் வர்க்கம் என்றால் உருளையை அரை வரி பின்னுக்குத் திருப்பி 2 அடிப்பார், மறுபடி முன்னுக்குத் திருப்பி வரிக்கு வருவார். பின்னம் என்றால் அடிக்கோட்டு விசையால் ஒரு கோடு, மேலே தொகுதி, கீழே பகுதி. இரண்டையும் கோட்டுக்கு நடுவே நிறுத்த மனக்கணக்காக எழுத்துகளை எண்ணிக்கொள்வார். பாம்புக்கும் சரிந்த எம்முக்கும் இடம் விட்டுவிட்டுப் போவார். அந்த இடங்களை நான் கறுப்பு மை தொட்டு நிரப்ப வேண்டும். பக்கத்துக்கு ஏழெட்டு இடைவெளி, 72 பக்கம், 4 பிரதி. கூட்டிப் பார்த்தால் இரண்டாயிரத்துக்கு மேல். சாரல் நாளில் காகிதம் நமத்துப் போயிருக்கும், மை காயாது. ஃபேனுக்குக் கீழே பக்கங்களைப் பரப்பி, மூலைக்கொரு புளியங்கொட்டை வைத்துக் காத்திருந்தேன். எல்லாம் முடிய மூன்று வாரம் ஆயிற்று.

இப்போது என் தம்பி மகள் குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரியில் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிறாள். 1964இல் தொடங்கிய கல்லூரி அது. ஓர் இரவு, அவளுடைய ப்ராஜெக்ட்டின் ஒரு அத்தியாயத்தை மடிக்கணினியில் அடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பாம்பை அவள் வரையவில்லை. பின்சாய்கோடு ஒன்றைப் போட்டு 'இன்ட்' என்று அடித்தாள். சரிந்த எம்முக்கு 'சம்'. படுத்த எட்டுக்கு 'இன்ஃப்டி'. பின்னத்துக்கு 'ஃப்ராக்', அதன் பின்னால் இரண்டு ஜோடி நெளிவடைப்பு. ஒரு பொத்தானை அமுக்கியதும் வலப்பக்கத்தில் சூத்திரம் வந்து நின்றது. கோட்டுக்கு மேலும் கீழும் நடு பிசகாமல்.

"அதுக்குப் பேரு என்னன்னு தெரிஞ்சா போதும் பெரியப்பா. எப்படி இருக்கணும்னு அதுவே பாத்துக்கும்," என்றாள்.

எனக்கு மாடி அறைக்காரர் ஞாபகம் வந்தது. அவருக்கு உருவம் தெரியும், பெயர் தெரியாது. இவளிடம் பெயர் இருந்தால் போதும், உருவத்தைக் கணினி பார்த்துக்கொள்கிறது.

அந்த மென்பொருளின் பெயர் லாடெக். அதற்கு அடியில் இருப்பது டெக். டொனால்ட் க்னூத் என்ற அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் தம் நூலின் இரண்டாம் தொகுதியை மறுபதிப்புச் செய்யக் கொடுத்திருந்தார். 1969இல் அதே தொகுதி மோனோடைப் இயந்திரத்தில் ஈய எழுத்தால் கோக்கப்பட்டு வந்தது. 1977இல் ஒளி அச்சில் வந்த புரூஃபைப் பார்த்ததும் மனம் ஒடிந்துபோனார். அச்சுக்கோப்பை நானே எழுதுகிறேன் என்று இறங்கினார். சில மாத வேலை என்று நினைத்தது பத்தாண்டைத் தாண்டியது. லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அதன்மேல் எளிய கட்டளைகளை அடுக்கியதுதான் லாடெக். சூத்திரம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் டாலர் குறி போட வேண்டும் என்பது க்னூத் வைத்த விதி. கணிதம் அச்சிடச் செலவு அதிகம், அதனால் டாலர். எங்கள் ஊர் டைப்ரைட்டிங்காரரும் சூத்திரப் பக்கத்துக்குத் தனிக் கூலிதான் வாங்கினார்.

க்னூத் பழைய அச்சகத்தைத் தூக்கி எறியவில்லை. ஈய எழுத்து கோத்த கம்போசிட்டர்கள் வெற்றிடத்துக்குச் செருகிய துண்டைக் 'குவாட்' என்பார்கள். என் தம்பி மகள் இரண்டு சமன்பாட்டுக்கு நடுவே இடம் விட அடிக்கும் கட்டளையும் 'குவாட்'தான். அது ஒரு காலத்தில் கையில் கனத்த உலோகத் துண்டு என்பது அவளுக்குத் தெரியாது. மூன்று வரி உயர அடைப்புக்குறி வேண்டுமென்றால் அந்நாளில் தலைத் துண்டு, நடுத் துண்டு, வால் துண்டு என்று அடுக்கி ஒட்டுவார்கள். டெக்கும் பெரிய அடைப்பை அப்படித்தான் துண்டு சேர்த்துக் கட்டுகிறது. ஒட்டு தெரிவதில்லை, அவ்வளவே.

டெக் இந்தியாவில் வேரூன்றிய இடங்களில் முக்கியமானது நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத்தான் குற்றாலத்துக்குச் சாரல் வருகிறது. அந்தக் கணவாயைத் தாண்டிச் சுமார் 100 கிலோமீட்டர் போனால் திருவனந்தபுரம். கேரளப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் கே. எஸ். எஸ். நம்பூதிரிப்பாடு, சி. வி. ராதாகிருஷ்ணன் போன்றவர்கள் அங்கே டெக்கை வளர்த்தார்கள். உலக டெக் பயனர் மாநாடு 2002இலும் 2011இலும் அந்த ஊரில் கூடியது. எல்செவியர் இதழ்களுக்குக் கட்டுரை அனுப்பும் உலகத்து ஆய்வாளர்கள் பயன்படுத்தும் லாடெக் வார்ப்பும் திருவனந்தபுரத்தில் எழுதப்பட்டதே. தென்காசியில் மைப்புட்டியோடு உட்கார்ந்திருந்த எங்களுக்கு இது எதுவும் தெரியாது. மேற்கிலிருந்து சாரல் மட்டும்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கிடைத்ததைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்டதனம். 90 குறிகள் இருந்த இடத்தில், லாடெக் குறிகளைத் தொகுத்த பட்டியல் 18,000ஐத் தாண்டிவிட்டது. நடுவில் ஒரு சமன்பாட்டைச் செருகினால் பின்னால் வரும் எண்களெல்லாம் தாமாக மாறிக்கொள்கின்றன. நான் அப்படி ஒன்றைச் செருகியபோது 11 பக்கத்தைத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஸ்டென்சில் தாளை எழுத்தாணியால் கீறி, தப்பு வந்த இடத்தில் சிவப்புத் திரவம் பூசி, சைக்ளோஸ்டைலில் வினாத்தாள் உருட்டியவன் நான். திரவம் தீர்ந்தால் நகப்பூச்சு வாங்கி வருவோம். ஆசிரியர் அறையில் அந்த வாசனை இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் கிடையாது.

தமிழுக்கும் வழி பிறந்திருக்கிறது. முன்பு டெக்கில் தமிழ் வேண்டுமென்றால் ரோமன் எழுத்தில் அடித்து மாற்ற வேண்டும். 2004இல் ஸீடெக் வந்த பின் யூனிகோடுத் தமிழை நேராகவே அடிக்கலாம். தமிழ் வரிக்கு நடுவே சூத்திரம் சண்டையில்லாமல் உட்காருகிறது. முந்திரி, காணி, மா, வீசம் என்று நம் முன்னோர் நிலத்தையும் நெல்லையும் அளந்த பின்னக் குறிகள், 1/320 ஆகிய முந்திரி உட்பட, 2019இல் யூனிகோடில் இடம் பெற்றன. தென்காசி தனி மாவட்டமானதும் அதே ஆண்டுதான். கட்டளைச் சொற்கள் மட்டும் இன்றும் ஆங்கிலமே. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குப் 'பின்னம்' தெரியும்; 'ஃப்ராக்' என்பதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

போனது என்ன என்று கேட்டால் நான் ஒரு மாலையைச் சொல்வேன். மாடி அறைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, போன பக்கத்துல இந்தப் பாம்புக்கு வாலுல சைபர் இருந்துச்சு. இங்க ஒண்ணு இருக்கே?" கீழ் எல்லையை நான் தவறாக எழுதியிருந்தேன். என் வழிகாட்டி இரண்டு முறை படித்தும் கண்ணில் படாத பிழை. கணிதம் தெரியாத ஒருவர் உருவத்தை வைத்தே பிடித்துவிட்டார். ஒவ்வொரு குறிக்கும் கையை நிறுத்தி, உருளையைத் திருப்பி, இடம் எண்ணி அடித்தவர் அவர். அந்த மெதுவான வேலையில் கண்ணுக்கு நேரம் கிடைத்தது.

டெக் கோபக்காரக் கணக்குப்பிள்ளை. ஒரு டாலர் விட்டுப்போனால் கூச்சல் போடும், ஓர் அடைப்பு மூடவில்லையென்றால் நகர மறுக்கும். ஒரு மைனஸ் விட்டுப்போனால் வாயே திறக்காது. தவறான சூத்திரத்தையும் சரியானதற்குச் செய்யும் அதே மரியாதையோடு, அதே நடு பிசகாத அழகோடு வரைந்து கொடுக்கும். என் காலத்தில் சந்தேகமான வரி அழித்தலும் திருத்தலுமாக, பார்க்கவே சந்தேகமாக இருக்கும். இன்று தம்பி மகளின் பக்கத்தில் எல்லா வரியும் அச்சேறி முடிந்த புத்தகம் போல நிற்கிறது. அன்றிரவு அந்த அத்தியாயத்தில் ஒரு வர்க்கமூலம் பாதிக் கோவையை மட்டும் மூடி நின்றது. நான் சொன்ன பிறகுதான் பார்த்தாள். "பாக்க நல்லாத்தானே இருந்துச்சு," என்றாள்.

பெயர் மறந்துபோனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஒரு கட்டத்தைத் திறந்து விரலால் ஒரு நெளிவு போட்டாள். 'இன்ட்' என்று பெயர் வந்தது. பாம்பை வரைந்து காட்டினால் பெயர் சொல்லும் கருவி! மாடி அறைக்காரர் இருந்திருந்தால் அதில் ஒரு பக்கத்தையே அடித்து முடித்திருப்பார்.

அவர் காலமாகி வெகுநாள் ஆயிற்று. அந்த இன்ஸ்டிட்யூட் இருந்த மாடியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். ஆய்வேட்டின் மூன்றாவது கார்பன் பிரதி என்னிடம் இருக்கிறது; ஊதா எழுத்து வெளிறிவிட்டது, என் மை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. அதில் 43ஆம் பக்கத்தில், கடைசிக்கு மேல் வரியில், ஒரு பாம்பு வர வேண்டிய இடத்தை நிரப்ப மறந்திருக்கிறேன். இரண்டரை வரி உயரத்துக்கு அவர் விட்ட இடம் அப்படியே இருக்கிறது.