வரிக்கு முன்னால் ஒரு கேள்வி

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலுக்கு வந்தது முதல், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கூலி, லைன் வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் சுரங்கத்தின் கையிலேயே இருந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று, சுரங்கத்தை அப்போது நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது அத்தனையும் சேர்ந்தே ஆட்டம் கண்டன. இன்று தங்கவயலின் மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் அந்தக் கதை பொருந்தும். சம்பளம் நின்றால் அதோடு சேர்ந்து சரியாத சேமிப்பு எது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். எந்தத் திட்டத்தில் எவ்வளவு வரி மிச்சம் என்பது அதற்குப் பிறகு வரும் கணக்கு.

"தங்கம் வாங்கிப் போட்டால் போதாதா?" என்பார்கள். 2001-இல் 10 கிராம் சுமார் 4,300 ரூபாய். 2025-இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. வாதம் வலுவானதுதான். ஆனால் 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், 2001-இல் 250 டாலருக்குப் பக்கத்தில் கிடந்தது. பழைய உச்சத்தை மறுபடி எட்ட 2008 ஆனது. தாதுவில் தங்கம் குறைந்து, ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டி, செலவு ஏறிய காலத்தில் அந்த விலைச் சரிவும் சுரங்கத்தை அழுத்தியது. தங்கம் வெட்டியவர்களின் வேலையையே தங்கத்தின் விலை காப்பாற்றவில்லை. நகையில் செய்கூலியும் சேதாரமும் 3 சதவீத ஜிஎஸ்டியும் திரும்பி வராத பணம். ஆகவே சேமிப்பில் தங்கம் ஒரு பங்காக இருக்கட்டும். மீதி வங்கி வைப்பு, பங்குச் சந்தை சார்ந்த பரஸ்பர நிதி என்று பிரியட்டும். அறுபதைக் கடந்தவர்களுக்குத் தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. சிறு வருமானத்தில் பிரிக்க என்ன இருக்கிறது என்றால், தபால் நிலையத் தொடர் வைப்பை மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம்.

வரிக்கு வருவோம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் 12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்கு, வரித் தள்ளுபடியால், வரி இல்லை. அந்த வரம்புக்குள் இருப்பவர், மார்ச் மாதம் வரிக்குப் பயந்து தேவையில்லாத காப்பீட்டுப் பாலிசி வாங்குவது வீண். ஆனால் 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்ற நகையின் லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. அந்த லாபத்தில் 12.5 சதவீதம் வரி. வேறு வருமானம் குறைவாக உள்ளவர்கள் நகையை இரண்டு நிதியாண்டுகளில் பிரித்து விற்றால், 4 லட்ச ரூபாய் அடிப்படை விலக்கை இரண்டு முறை பயன்படுத்தலாம்.

அம்மாவோ பாட்டியோ விட்டுப்போன நகைக்கு, அவர்கள் வாங்கிய விலையும் வாங்கிய காலமுமே கணக்கு. அது 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதானால், அன்றைய சந்தை மதிப்பையே அடக்கவிலையாகக் காட்டச் சட்டம் இடம் தருகிறது. சுரங்கம் மூடி ஒரு மாதம் கழிந்த தேதி அது! பீரோவில் பழைய ரசீது இருந்தால் கிழித்துப் போடாதீர்கள்.