கீழாநெல்லி காப்பாற்றுமா?

மழை பெய்த மறுவாரம், விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக் கரிசல் வரப்புகளில் கீழாநெல்லி முளைத்துக் கிடக்கும். கண் மஞ்சளித்தால், பட்டாசுத் தொழிலாளி வீட்டில் முதலில் தேடுவது இந்தச் செடியைத்தான். காசு கேட்காத மருந்து. ஒருநாள் கூலியும் போகாது.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அசுத்தத் தண்ணீரால் வரும் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே இறங்கிவிடும். மோரில் அரைத்துக் குடித்தவருக்கும் இறங்கும், குடிக்காதவருக்கும் இறங்கும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு!

சென்னையில் சோதனை

பி வகை அப்படியல்ல. ரத்தத்தின் மூலமும் பிரசவத்தில் தாயிடமிருந்தும் தொற்றும் இந்தக் கிருமி, சிலர் உடலில் ஆண்டுக் கணக்கில் தங்கிவிடும். ஈரல் சுருங்கும், புற்றுநோய்கூட வரலாம்.

சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானி எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், இக்கிருமியைச் சுமப்பவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள். 1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. மூலிகை உண்ட 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. மருந்தில்லாப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகம் நம் வரப்புச் செடியைத் திரும்பிப் பார்த்தது.

ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் சோதித்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. பல சோதனைகளைச் சேர்த்துச் சீர்தூக்கிய காக்ரேன் ஆய்வு, உறுதியான ஆதாரம் இல்லை என்று 2011-ல் சொல்லிவிட்டது.

அப்படியானால் மூலிகையே பொய்யா? இல்லை. மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் ஒரு சீனச் செடியில் கிடைத்ததுதான். அதற்காக டு யூயூ அம்மையார் 2015-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அது பிரித்து, அளந்து, சோதித்துப் பார்த்த மருந்து.

காத்திருக்கலாகாது

கர்ப்பிணிக்கு ஈ வகைக் காமாலை வந்தால் உயிருக்கே ஆபத்து. எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளிக்கும். அதற்குக் கிருமிக்கொல்லி மருந்து வேண்டும். பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் மஞ்சளிக்கும். அதை எந்த இலையும் கரைக்காது. நினைவு தடுமாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

சிவகாசியில் அரசு ஆஸ்பத்திரி உண்டு. விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. பி வகையைத் தடுக்கப் பிறந்த குழந்தைக்கு இலவசத் தடுப்பூசியும் போடுகிறார்கள்.

வரப்பிலே கீழாநெல்லி இருக்கட்டும். எந்தக் காமாலை என்பதை முதலில் ரத்தப் பரிசோதனை சொல்லட்டும். ஒருநாள் கூலி போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். உயிரைச் சம்பாதிக்க முடியுமா?