ஆரணித் தறியும் வண்ணத் திரையும்

ஆரணி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பட்டு. சேலையின் கரையில் மயிலும் மாங்காயும் எழுவதைக் கண்டு வியக்கிறோம். அவ்வுருவங்கள் எங்கிருந்து வருகின்றன? தறியின்மேல் அமைந்த ஜக்கார்டு அட்டைகளில் அவை துளைகளாக உறங்குகின்றன. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய முறை இது. துளை இருந்தால் பாவு இழை மேலெழும்; இல்லையேல் எழாது. ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டே விடைகளால் ஒரு சேலையின் அழகு முழுவதும் உருவாகிவிடுகிறது.

இதே இரண்டு விடைகளால் இயங்கும் பொறியே கணிப்பொறி. இங்கிலாந்தில் 1981-ல் ஏகார்ன் நிறுவனம் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோ என்னும் சிறு கணிப்பொறி, நம் நாட்டில் 1984-ல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் வழியாகப் பள்ளிகள் பலவற்றிற்கு வந்தது. அத்தகைய பழம்பொறி ஒன்று இன்று மாணவர் கையில் கிடைத்தால், அதனை வண்ணத் திரையுடன் இணைப்பது எங்ஙனம்?

தொலைக்காட்சியின் வான்கம்பி வாயிலில் இணைப்பது ஒரு வழி. அதில் ஒளியும் நிறமும் ஒன்றாகக் கலந்து ஒரே அலையில் செல்கின்றன. திரையில் அவற்றைப் பிரிக்கும்போது எழுத்தின் ஓரங்கள் மங்குகின்றன. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனிக் கம்பிகளில் அனுப்புவது மற்றொரு வழி. நெசவாளர் ஒவ்வொரு நிற ஊடைக்கும் தனி நாடா வைத்துக்கொள்கிறார் அல்லவா? அதுபோன்றதே இது. பி.பி.சி. மைக்ரோவில் இதற்கென ஆறு முனைகள் கொண்ட வாயில் இருக்கிறது.

மூன்று கம்பிகளில் ஒவ்வொன்றும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே சொல்லும். எனவே கிடைப்பவை எட்டு நிறங்கள். சிவப்பும் பச்சையும் ஒருங்கே எரிந்தால் மஞ்சள் தோன்றும். சாயத் தொட்டியில் இவ்விரண்டையும் கலந்தால் பழுப்பன்றோ வரும் என்று நீங்கள் கேட்கலாம். சாயம் ஒளியை உறிஞ்சுகிறது. திரையோ ஒளியோடு ஒளியைச் சேர்க்கிறது. வேறுபாடு அதுவே.

நிறம் மட்டும் போதாது. ஊடையை ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் அடித்து நெருக்காவிட்டால் உருவம் கோணிவிடும். திரைக்கும் வரி எங்கே தொடங்குகிறது என்று அறிவிக்கும் ஒத்திசைவுச் சமிக்ஞை வேண்டும். அது தவறினால் படம் உருண்டோடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, வேகம். இப்பொறி வினாடிக்கு ஏறத்தாழ 15,625 வரிகளை அனுப்புகிறது. பிற்காலத்து வி.ஜி.ஏ. திரைகள் எதிர்பார்ப்பதோ ஏறத்தாழ 31,500 வரிகள். இடையே ஒரு மாற்றுக் கருவி இல்லாமல் அவற்றிற் பல படம் காட்டா. இரண்டாவது, மின்னழுத்தம். இப்பொறியின் நிறக் கம்பிகள் 5 வோல்ட் முறையைச் சேர்ந்தவை. பிந்தைய வண்ணத் திரைகளின் வாயிலோ ஏறத்தாழ 0.7 வோல்ட்டுக்கு அமைந்தது. தக்க மின்தடைகளைச் சேர்க்காமல் இணைத்தால் திரைக்குத் தீங்கு நேரலாம். அக்காலத்தில் இப்பொறியோடு பயன்பட்ட மைக்ரோவைடெக் நிறுவனத்தின் ‘கப்’ திரைக்கு இச்சிக்கல் இல்லை.

பழைய குழாய்த் திரையின் உறையை ஒருபோதும் திறவாதீர்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் பல்லாயிரம் வோல்ட் உள்ளே தங்கியிருக்கக்கூடும். அது உயிரைப் பறிக்கவல்லது.

தறி இல்லாமற் போனால் ஜக்கார்டு அட்டை வெறும் துளையட்டை. திரையோடு சேர்க்கத் தெரியாவிட்டால் கணிப்பொறி ஊமைப் பெட்டி. அதில் எழுதிவைத்த பாடங்களும் அதனோடு மறைந்துபோகும். பழம்பொருளைக் குப்பையில் எறியுமுன், அது எந்த மொழியில் பேசுகிறது என்பதை ஆசிரியர் துணையுடன் அறிந்துகொள்ளுங்கள். அட்டையின் துளைகளைப் படிக்கும் ஆரணித் தறி அதற்கு நல்லதோர் முதற்பாடம்.