அடுக்களையில் தொடங்கும் கணினிக் கல்வி

சமையலுக்கு ஒரு முறை உண்டு. முதலில் செய்ய வேண்டியதை முதலிலும், பின்னர்ச் செய்ய வேண்டியதைப் பின்னரும் செய்தாக வேண்டும். அளவு குறைந்தாலும் கூடினாலும் பண்டம் கெடும். கணினியை இயக்குவதற்கும் இதுவே விதி. ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, அவற்றைப் பிசகின்றி வரிசைப்படுத்திக் கணினிக்குச் சொல்லும் கட்டளைத் தொகுதியே ‘நிரல்’ எனப்படுகிறது. நிரல் எழுதும் வித்தையைத்தான் நகரங்களில் ‘கோடிங்’ என்று அழைக்கிறார்கள்.

இந்த வித்தையின் முதற்பாடத்தைச் சிறு குழந்தைகளுக்கு உணவுப் பண்டங்களைக் கொண்டே கற்பிக்கலாம் என்பதையும், அதற்குக் கிராமத்தார் செய்யத்தக்கவை யாவை என்பதையும் இக்கட்டுரையில் விளக்குவோம்.

இதன் அவசியம் யாது?

நியாய விலைக் கடையின் மின்னணுக் குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, பட்டா, சிட்டா ஆகிய யாவும் இன்று கணினியோடு பிணைந்துவிட்டன. விவசாயிகளுக்கென ‘உழவன்’ செயலியைத் தமிழக அரசு 2018-இல் வெளியிட்டது. வீட்டில் தந்தையார் படிக்கத் தடுமாறும் கைப்பேசிச் செய்தியைப் பத்து வயதுச் சிறுமி படித்துக் கூறுவது சாதாரணக் காட்சியாகிவிட்டது.

ஆயினும், கைப்பேசித் திரையை விரலால் தள்ளத் தெரிவது வேறு. அது எவ்வாறு வேலை செய்கிறது என்று அறிந்து அதற்குக் கட்டளையிடத் தெரிவது வேறு. முன்னதைப் பெற்ற குழந்தை பிறர் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்; பின்னதைப் பெற்ற குழந்தை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்ளும். நகரத்தில் பொருள் படைத்தோர் கட்டணம் செலுத்தித் தம் மக்களுக்கு இதனைப் பயிற்றுவிக்கின்றனர். கிராமத்துக் குழந்தை இதில் பின்தங்குமாயின், எழுத்தறிவில் நாம் அரும்பாடுபட்டுக் குறைத்த ஏற்றத்தாழ்வு வேறு உருவில் மீண்டும் தலையெடுத்துவிடும்.

யந்திரமின்றிப் பாடம்

கணினி வாங்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. நியூசிலாந்து நாட்டில் டிம் பெல் என்னும் பேராசிரியரும் அவருடைய தோழர்களும் 1990-களில் ஒரு முறையை வகுத்தார்கள். அட்டை, கயிறு, சுண்ணக்கட்டி போன்ற எளிய பொருள்களைக் கொண்டு, கணினியே இல்லாமல் கணினி அறிவியலைக் கற்பிக்கும் முறை அது. இன்று பல நாடுகளில் அது கையாளப்படுகிறது. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும், நிரலெழுதும் பயிற்சியை நடுநிலை வகுப்புகளில் தொடங்கலாம் என்றும், அதற்கு அடிப்படையான கணித முறைச் சிந்தனையைத் தொடக்க நிலையிலேயே வளர்க்க வேண்டும் என்றும் கூறுகிறது.

இச்சிந்தனையை வளர்க்க நம் வீட்டு அடுக்களையைவிடத் தகுந்த இடம் வேறில்லை. விருத்தாசலத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையில் உள்ள மங்கலம்பேட்டையை எடுத்துக்கொள்வோம். சுற்றுப்புறங்களில் மணிலாவும் முந்திரியும் விளைகின்றன. அருகிலுள்ள விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இவற்றைக் கொண்டே நான்கு பாடங்களை அமைத்துக் காட்டலாம்.

முதற்பாடம்: பானகம்

அடுப்பு வேண்டாத பண்டமாதலால் இதனை முதலில் வைத்துக்கொள்வது நலம். ஆசிரியர், ‘நான் ஒரு யந்திரம், சொன்னதை மட்டுமே செய்வேன்’ என்று அறிவித்துவிட்டு, பானகம் கரைக்கும் முறையைக் குழந்தைகளைச் சொல்லச் சொல்ல வேண்டும். ‘வெல்லத்தைப் போடுங்கள்’ என்று ஒரு குழந்தை கூறினால், அவர் வெல்லத்தை மேசைமீது போடுவார், குழந்தைகள் சிரிப்பார்கள். ‘தட்டிய வெல்லத்தைத் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் போடுங்கள்’ என்று அவர்களே திருத்திச் சொல்வார்கள். கட்டளை தெளிவாக இருக்க வேண்டும் என்ற உண்மை அப்பொழுதே மனத்தில் பதிந்துவிடும்.

பிறகு, ஒவ்வொரு படியையும் ஓர் அட்டையில் படமாக வரைந்து கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்லலாம். ஏலப்பொடியையும் சுக்குப்பொடியையும் எதை முன்னும் எதைப் பின்னுமாகச் சேர்த்தாலும் குற்றமில்லை. ஆனால், வெல்லத்தைக் கரைக்குமுன் வடிகட்டுதல் வீண். எந்தப் படிகளை இடம் மாற்றலாம், எவற்றை மாற்றலாகாது என்று ஆராய்வதே நிரலெழுதுவோரின் அன்றாட வேலை. தவறான அட்டையைக் கண்டுபிடித்து நீக்குவதற்குப் ‘பிழை திருத்தம்’ என்று பெயர்.

இரண்டாம் பாடம்: மணிலா உருண்டை

உருண்டைக்குப் பாகு காய்ச்சும்போது நம் பெண்மணிகள் செய்வது என்ன? பாகைக் கிளறுகிறார்கள், ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்க்கிறார்கள். அது கெட்டியாகத் திரண்டால் இறக்குகிறார்கள். கரைந்தால் மறுபடியும் கிளறுகிறார்கள். ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்பதை நிரலில் ‘நிபந்தனை’ என்றும், ‘பதம் வரும் வரையில் திரும்பத் திரும்பச் செய்’ என்பதைச் ‘சுழற்சி’ என்றும் கூறுவர். எந்தப் பெரிய நிரலிலும் இவ்விரண்டும் இல்லாமலிரா. பதம் பார்ப்பதை மறந்து கிளறிக்கொண்டே இருந்தால் பாகு கருகும். நிறுத்த வேண்டிய இடத்தைச் சொல்லாத நிரலும் முடிவின்றி ஓடிக்கொண்டே இருக்கும்.

காய்ச்சும் வேலையைப் பெரியவர்களே செய்ய வேண்டும். குழந்தைகள் எட்ட அமர்ந்து, நடப்பதற்கேற்ப அட்டைகளை அடுக்கினால் போதுமானது.

மூன்றாம் பாடம்: அச்சு

பீங்கான் பொம்மை செய்வோர் ஒவ்வொரு பொம்மையையும் புதிதாகச் செதுக்குவதில்லை. ஓர் அச்சைச் செவ்வனே அமைத்துக்கொண்டு, கரைத்த களிமண் குழம்பை அதில் ஊற்றிப் பல பொம்மைகளை எடுக்கிறார்கள். இட்டலித் தட்டின் குழிகளும் அத்தகையனவே. நிரலிலும் அடிக்கடி வேண்டிய படிகளை ஒரே தொகுப்பாக்கிப் பெயரிட்டு வைத்துக்கொண்டு, வேண்டும்பொழுது அப்பெயரைச் சொல்லி அழைப்பார்கள். ‘தாளித்தல்’ என்று ஒரு சொல் சொன்னால், எண்ணெய் காய்வது முதல் கடுகு வெடிப்பது வரை அனைத்தும் அடங்கிவிடுகின்றன அல்லவா? அதுபோன்றதே இது.

நான்காம் பாடம்: ஐந்து இலைகள்

கணினி எல்லாவற்றையும் 0, 1 என்னும் இரண்டு இலக்கங்களால் எழுதிக்கொள்கிறது. இதனை விளக்க ஐந்து இலைகளைப் போட்டு, இடமிருந்து வலமாக 16, 8, 4, 2, 1 என்ற கணக்கில் மணிலாக் கொட்டைகளை வைக்க வேண்டும். மூடிய இலைக்கு 0. திறந்த இலைக்கு 1. முதல் இலையையும் கடைசி இரண்டு இலைகளையும் மட்டும் திறந்தால் 16, 2, 1 சேர்ந்து 19 ஆகும். அதனைக் கணினி 10011 என்று எழுதும். இவ்வாறு 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் ஐந்து இலைகளால் காட்டலாம். எழுத்துகளும் இவ்வகையில் எண்களாகவே சேமிக்கப்படுகின்றன. உலகப் பொதுவான யூனிகோடு முறையில் நம் ‘அ’ எழுத்துக்குரிய எண் 2949 என்று கூறினால் குழந்தைகள் வியப்படைவார்கள்.

எச்சரிக்கையும் கல்வியே

கணினி அறிவு என்பது நிரலெழுதுவது மட்டுமன்று. படித்ததைச் சோதித்து ஏற்கும் பழக்கமும் அதில் அடங்கும். கடையில் வாங்கிய தின்பண்ட உறையில் தயாரித்த நாள், காலாவதி நாள், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், சைவ உணவுக்குரிய பச்சைக் குறி ஆகியவற்றைத் தேடிப் படிக்கச் சொல்லலாம். உறையைப் படிக்காமல் தின்னக் கூடாது என்று கற்ற குழந்தை, முன்பின் அறியாதவர் அனுப்பிய இணைப்பைத் தொடும் முன்பும் நின்று யோசிக்கும். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் வீட்டுச் சாவியைப் போன்றது. அதனை எவரிடமும் கூறலாகாது என்பதையும் குழந்தையின் மூலமாகப் பெற்றோருக்கு உணர்த்தலாம். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணிற்கு அறிவிக்க வேண்டும்.

சிறு குழந்தைகளைத் திரையின் முன் நெடுநேரம் அமர்த்துதல் தகாது. இரண்டு முதல் நான்கு வயதுள்ள குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. மேற்கூறிய பாடங்களுக்குத் திரையே தேவையில்லை. இவற்றில் தேர்ந்த பின்னர், ஐந்து முதல் ஏழு வயதினருக்காக 2014-இல் வெளியிடப்பட்ட ‘ஸ்கிராச் ஜூனியர்’ போன்ற படக்கட்டை நிரல்களையும், வளர்ந்த பின் தமிழிலேயே நிரலெழுத அமைந்த ‘எழில்’ மொழியையும் பயிலலாம்.

பஞ்சாயத்தின் பங்கு

பள்ளியில் உணவளிப்பது நமக்குப் புதிதன்று. காமராசர் 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார்; காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்டது. பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்றுதான் இவை ஏற்பட்டன. அந்த உணவே பாடமும் ஆகுமாயின் பயன் இருமடங்காகும்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இக்குழுவில் இப்பொருளை எடுத்துரைத்து, தலைமையாசிரியரின் இசைவுடன் வாரம் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கச் செய்யலாம். சுய உதவிக் குழுப் பெண்மணிகள் செய்முறை சொல்ல முன்வரலாம். படித்த இளைஞர்கள் அட்டைகள் வரைந்து தரலாம். விவசாயிகள் அறுவடையில் ஒரு படி மணிலாவை மகிழ்ச்சியுடன் அளிப்பார்கள். கல்லூரியையே காணாத பாட்டியும் பாகின் பதம் அறிந்தவராதலால், இப்பள்ளிக்கூடத்தில் அவரும் ஓர் ஆசிரியரே.

இதற்காகும் செலவு சொற்பம். யந்திரம் வந்து சேரும் வரையில் காத்திருக்கவும் தேவையில்லை. நாளை அது வந்து சேரும்பொழுது, அதன் முன் அஞ்சி நிற்காமல் அதனை ஏவல் கொள்ளும் குழந்தைகள் நம் ஊரில் இருக்க வேண்டும். வரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலேயே இதற்கு ஏற்பாடு செய்வார்களாக.