வழியில் காற்றுப் போனால்... கையோடு கொண்டு செல்லும் பம்ப் வாங்குவோருக்கு

பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்றுக்கு நாற்பது கிலோமீற்றருக்கு மேல். இடையில் கோமாரி, தாண்டியடி, திருக்கோவில் என்று ஊர்கள் இருந்தாலும் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வெறும் வெளியும் பற்றைக் காடும்தான். மேற்கே லாஹுகல வழியாகச் சியம்பலாண்டுவைக்குப் போனால் யானைக் காடு. தெற்கே அறுகம்பேயிலிருந்து பாணமைக்குப் போகும் வீதியிலும் மாலையானால் யானை குறுக்கிடும். இந்த மூன்று வழிகளிலும் இன்று எமது பெண்கள் ஸ்கூட்டரிலும் முச்சக்கர வண்டியிலும் போய் வருகிறார்கள். பாடசாலைக்கு, வைத்தியசாலைக்கு, பிரதேச செயலகத்துக்கு, உல்லாசப் பயணிகள் வரும் காலத்தில் ஹோட்டல் வேலைக்கு என்று ஆயிரம் அலுவல்கள்.

இந்த வழியில் டயரில் காற்றுப் போனால் என்ன செய்வது? ஆண்களுக்கு இது அரை மணி நேரத் தொல்லை. எங்களுக்கு அப்படியல்ல. பொத்துவில் இறத்தல்குளத்தில் 2006 செப்டெம்பரில் வேலைக்குப் போன பத்து முஸ்லிம் தொழிலாளர்கள் கொல்லப்பட்ட பின்னர் நீண்ட காலம் ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தவே எல்லோரும் பயந்தார்கள். யுத்தம் 2009இல் முடிந்துவிட்டது. ஆனாலும் ஆளில்லாத வீதியில் தனியே நிற்கும் பெண்ணின் நெஞ்சு படபடப்பது இன்னும் முடியவில்லை. அதனால்தான் ஒரு சிறிய பம்ப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா யுத்தத்தில் கணவரை இழந்தவர். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். பழைய ஸ்கூட்டர் ஒன்றுதான் அவருடைய கை கால் எல்லாம். பம்ப் வாங்கக் கடைக்குப் போய் வந்தவர், “150க்கு அடிக்குமாம் புள்ள, மற்றது 100தானாம். பெரிசுதானே நல்லது?” என்று கேட்டார். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காற்றின் அழுத்தத்தைப் பீ.எஸ்.ஐ. என்ற அளவில் சொல்கிறார்கள். சில பம்புகளில் பார் என்றும் கிலோபஸ்கால் என்றும் இருக்கும். 1 பார் என்பது 14.5 பீ.எஸ்.ஐ.; அதுவே 100 கிலோபஸ்கால். சாதாரண காரின் டயருக்கு ஏறக்குறைய 30 முதல் 35 பீ.எஸ்.ஐ. போதும். ஸ்கூட்டரின் முன் டயருக்கு அதிலும் குறைவு. எனவே 150 என்ற எண்ணால் எமக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு நிமிடத்தில் எத்தனை லீற்றர் காற்றை உள்ளே தள்ளுகிறது என்று கேளுங்கள். அது குறைவாக இருந்தால் கார் டயர் ஒன்றுக்கு வெயிலில் கால்மணி நேரம் நிற்க வேண்டி வரும்.

உங்கள் வண்டிக்கு எவ்வளவு காற்று என்பதைக் கைநூலில் அல்லது வண்டியில் ஒட்டியிருக்கும் தாளில் பாருங்கள். காரில் சாரதிப் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய ஆகக் கூடிய அளவு. அதைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது.

இனி எந்த வகை வாங்குவது? காலால் மிதிக்கும் பம்ப் இருக்கிறது. மின்சாரமும் வேண்டாம், பெட்டரியும் வேண்டாம், பழுதானால் ஊரிலேயே வாஷர் மாற்றலாம். ஸ்கூட்டர் மட்டும் வைத்திருப்பவருக்கு என் தெரிவு இதுதான். அபாயா உடுத்துக்கொண்டு வீதியோரத்தில் மிதிப்பது வசதியில்லை என்று சில தங்கச்சிமார் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அவர்களுக்குக் கையால் அடிக்கும் பம்ப் உண்டு. நேரம் கூடப் பிடிக்கும்.

அடுத்தது 12 வோல்ட் பம்ப். காரில் சிகரெட் பற்ற வைக்கும் துளையில் செருகுவது ஒன்று, பெட்டரியில் கௌவியால் நேரே கௌவுவது மற்றொன்று. இவை பத்து அம்பியர் அளவில் மின்சாரம் இழுக்கும். காருக்கு இது பெரிதல்ல. எஞ்சினை ஓடவிட்டு அடித்தால் பெட்டரி இறங்காது. ஸ்கூட்டரின் பெட்டரியோ ஐந்து அம்பியர்-மணி, சிலவற்றில் அதற்கும் குறைவு. அதில் இந்தப் பம்பைக் கொளுவி நீண்ட நேரம் ஓடவிட்டால் பெட்டரி தளர்ந்துவிடக்கூடும், பிறகு செல்ஃப் ஸ்டார்ட் வேலை செய்யாமல் போகலாம். “மோட்டார் சைக்கிளுக்கும் பாவிக்கலாம்” என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

மூன்றாவது, இப்போது எல்லோரும் தேடும் வகை. தொலைபேசி போலச் சார்ஜ் செய்து கைப்பையில் வைக்கும் லித்தியம் பம்ப். வேண்டிய அளவை எண்ணில் பதிந்து பொத்தானை அழுத்தினால் அந்த அளவு வந்ததும் தானாக நிற்கும். ஸ்கூட்டருக்கும் முச்சக்கர வண்டிக்கும் நன்றாகப் பொருந்தும். முழுதாக இறங்கிய கார் டயர் என்றால் ஒரு சார்ஜில் ஒன்று, இரண்டு நிரப்பலாம், அவ்வளவுதான்.

இதில் ஒரு வியாபாரத் தந்திரம் உண்டு. ஒரு பெட்டியில் 4000 என்றும் இன்னொன்றில் 2000 என்றும் மில்லி அம்பியர் கணக்குப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை வோல்ட்டால் பெருக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 3.7 வோல்ட்டில் 4000 என்பதும் 7.4 வோல்ட்டில் 2000 என்பதும் ஒன்றேதான், இரண்டிலும் 14.8 வாட்-மணி. விலையில் மட்டும் வித்தியாசம் இருக்கும்!

கடையில் நிற்கும்போதே வண்டியில் கொளுவிப் பாருங்கள். ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது. வால்வுக்கும் பிரேக்குக்கும் இடையில் விரல் நுழைவதே கஷ்டம். நீளமான, வளையும் குழாய் இல்லாத பம்பை அங்கே பொருத்த முடியாது. வால்வில் திருகிப் பூட்டும் வகை இறுக்கமாகப் பிடிக்கும், ஆனால் கழற்றும்போது கொஞ்சம் காற்றுப் போகும். அதற்காக ஓரிரு பீ.எஸ்.ஐ. கூட்டி அடித்தால் சரி. வால்டியூப் போட்ட சாதாரண சைக்கிளுக்கும் அடிக்க வேண்டுமென்றால் அதற்குரிய சிறு முனை பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற பிறகு பல வீடுகளில் சைக்கிள் மீண்டும் முற்றத்துக்கு வந்திருக்கிறது அல்லவா?

பம்ப் ஓட்டையை அடைக்காது என்பதையும் விளங்கிக்கொள்ள வேண்டும். மெதுவாகக் காற்று இறங்கினால் அடித்துக்கொண்டு அடுத்த ஊர் வரை போய்விடலாம். ஆணி குத்திய டியூப் டயருக்கு ஒட்டுப் போட்டே ஆக வேண்டும். டியூப் இல்லாத டயர் என்றால் ஆணியைப் பிடுங்காமல் காற்றை அடித்து ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் கராஜ் வரை தாங்கும். காற்றில்லாமலே வெகுதூரம் ஓட்டிய டயரின் பக்கச் சுவர் உள்ளே நைந்திருக்கும், அதற்குத் திரும்பக் காற்றடிப்பது ஆபத்து. அடிக்கும்போது முகத்தைச் சக்கரத்துக்கு நேரே வைக்காதீர்கள், பிள்ளைகளையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் எமது ஊர்களில் ஓடுவது பெரும்பாலும் பழைய வண்டிகளே. டயரின் வயதை நீங்களே பார்க்கலாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வெடிப்பு விட்ட கிழட்டு டயருக்குப் புதுப் பம்ப் வாங்குவதைவிட, அந்தப் பணத்தை டயருக்கே போடுவது புத்தி.

இதற்காக நுண்கடன் எடுக்க வேண்டாம். அந்த வாரத் தவணை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எமது பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டில் மூன்று நான்கு பேர் வண்டி வைத்திருந்தால், சீட்டுக் காசில் ஒன்றை வாங்கி, தூரப் பயணம் போகிறவர் கொண்டு போகலாம்.

காற்றை அளக்க நல்ல நேரம் சுபஹ் தொழுகைக்குப் பிறகு, வண்டி ஓடும் முன்னர். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடக் காட்டும். பழுதில்லாத டயரிலும் மாதத்துக்கு ஓரிரு பீ.எஸ்.ஐ. இறங்கும், ஆகவே மாதம் இரண்டு தடவை பார்த்தால் போதும். லித்தியம் பம்பை வெயிலில் நிற்கும் வண்டிக்குள்ளோ ஸ்கூட்டர் இருக்கையின் கீழோ நாள் கணக்கில் வைக்காதீர்கள், சூடு பெட்டரியைக் கெடுக்கும். பாவிக்காவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் பாருங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் மிதி பம்பின் இரும்புப் பாகங்களைத் துடைத்து, துளி எண்ணெய் பூசி, பொலித்தீன் பையில் கட்டி வைக்க வேண்டும். உப்புக் காற்றில் ஒரு மாரி போதும், ஸ்பிரிங் துருவேறி இறுகிவிட.